லேபர் கந்தோரில் உத்தியோகம்: சந்தேகங்களும் விளக்கங்களும்

வர்த்தமானியில் ஒரு போட்டிப் பரீட்சை அறிவித்தல் வந்துவிட்டால் மட்டக்களப்பு நகரத்து ரியூட்டரிகளில் கூட்டம் கூடிவிடும். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்தவர்கள், உயர்தரத்தோடு நின்றவர்கள், கடையில் கணக்கு எழுதிக்கொண்டே படிப்பவர்கள் என்று பலரும் அதில் இருப்பார்கள். 2017இல் காந்தி பூங்காவில் வாரக்கணக்காக இருந்து வேலை கேட்ட பட்டதாரிகளை இந்த ஊர் மறந்திருக்காது. "எந்த உத்தியோகம் என்றாலும் சரி" என்ற மனநிலை எங்கிருந்து வருகிறது என்பதும் விளங்குகிறது. ஆனால் லேபர் கந்தோர் என்று நாம் சொல்லும் தொழில் திணைக்களத்துக்கு அந்த மனநிலையோடு போகக்கூடாது என்பது என் எண்ணம். ஏன் என்பதைப் பலரும் கேட்கும் சந்தேகங்களின் வழியாகவே பார்ப்போம்.

லேபர் கந்தோரில் பெயரைப் பதிந்து வைத்தால் வேலை எடுத்துத் தருவார்களா?

மாட்டார்கள். அதிகம் பேர் தவறாக எண்ணியிருப்பது இதைத்தான். வேலை தேடுகிறவர்களுக்கு வழிகாட்டுவது மனிதவலு வேலைவாய்ப்புத் திணைக்களம். அதன் உத்தியோகத்தர்களைப் பிரதேச செயலகங்களிலேயே சந்திக்கலாம். வெளிநாடு போகிறவர்களுக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் இருக்கிறது. ஈ.ரி.எஃப். எனப்படும் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கும் தனிச் சபை உண்டு. தொழில் திணைக்களத்தின் வேலை, ஏற்கெனவே வேலையில் இருப்பவருக்குச் சம்பளம், லீவு, சேமலாப நிதி, பாதுகாப்பு எல்லாம் சட்டப்படி கிடைக்கிறதா என்று பார்ப்பது.

இந்தத் திணைக்களம் தொடங்கியது 1923இல். அப்போது அதன் பொறுப்பு இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தோட்டத் தொழிலாளர்களின் விடயம் மட்டுமே. மலையகத் தமிழரின் சம்பளக் கணக்கைப் பார்க்கப் பிறந்த கந்தோர்தான் பிறகு முழு நாட்டுக்கும் உரியதாக வளர்ந்தது.

அங்கே என்னென்ன பதவிகள் இருக்கின்றன? யாருக்கு விண்ணப்பிக்க வேண்டும்?

எல்லாப் பதவிக்கும் ஒரே வாசல் இல்லை. லிகிதர் வேலை என்று நாம் சொல்லும் முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர் பதவிக்குத் தொழில் திணைக்களம் தனியாக ஆள் எடுப்பதில்லை. அது நாடு முழுவதற்குமான இணைந்த சேவை. உயர்தரத் தகைமையோடு பரீட்சை எழுதித் தேறினால் எந்தத் திணைக்களத்துக்கு அனுப்புவது என்பதை அரசாங்க நிர்வாக அமைச்சின் கீழுள்ள இணைந்த சேவைகள் பிரிவு தீர்மானிக்கும். இன்று தொழில் அலுவலகத்தில் இருக்கும் லிகிதர் நாளை கல்வி வலயத்தில் இருக்கலாம். அபிவிருத்தி உத்தியோகத்தர் விடயமும் ஏறத்தாழ இப்படித்தான். அரசாங்கம் பட்டதாரிகளை மொத்தமாகச் சேர்க்கும்போது எந்த இடம் கிடைக்கும் என்பது உங்கள் கையில் இல்லை.

திணைக்களத்துக்கே உரிய பதவிகளில் முதன்மையானது தொழில் உத்தியோகத்தர். பட்டதாரிகளுக்குரிய பதவி அது. அதற்கு மேலே உதவித் தொழில் ஆணையாளர். இவை இரண்டுக்கும் போட்டிப் பரீட்சை உண்டு. தொழிற்சாலைகளைப் பரிசோதிக்கும் பொறியியலாளர்கள், தொழில்சார் சுகாதாரப் பிரிவின் வைத்தியர்கள், சட்ட உத்தியோகத்தர்கள் என்று துறைசார்ந்தவர்களுக்கும் இடம் இருக்கிறது. படித்த பொறியியலை இங்கேயும் பயன்படுத்தலாம் என்று நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. நெல் அவிக்கும் ஆலைகளின் கொதிகலனும் ஐஸ் தொழிற்சாலைகளின் அமோனியாக் குழாய்களும் வெடிக்காமல், கசியாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பதற்கு ஆள் வேண்டாமா? 1942இன் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் அதற்காகத்தான் இருக்கிறது.

தொழில் உத்தியோகத்தர் என்றால் மேசையில் இருந்து கையெழுத்து வைக்கும் வேலைதானே?

இல்லை. அதை எதிர்பார்ப்பவர் வேறு பரீட்சை எழுதுவது நல்லது. முக்கால்வாசி வேலை வெளியில்தான். மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்கு மாவட்டத்தை எழுவான்கரை, படுவான்கரை என்று இரண்டாகப் பிரித்துக் கிடக்கிறது. எழுவான்கரையில் காத்தான்குடி, ஏறாவூர்க் கடைகளும் தையற் தொழிற்சாலைகளும், வடக்கே வாழைச்சேனையும் பாசிக்குடா ஹோட்டல்களும். படுவான்கரையில் நெல் ஆலையும் செங்கல் வாடியும். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்படும் வரை கொக்கட்டிச்சோலைப் பக்கம் போவதற்குப் பாதை என்னும் மிதவைப் படகு வரும்வரை கரையில் நின்றவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள். குருமண்வெளி–மண்டூர்த் துறைக்கு இன்னும் பாதைதான். ஆகவே மோட்டார் சைக்கிள் ஓடத் தெரியாதவர் இப்போதே பழகிக்கொள்ளட்டும்.

போன இடத்தில் என்ன வேலை? சம்பளப் பதிவேட்டை எடுத்துப் பார்ப்பது, வரவுப் புத்தகத்தை அதோடு ஒப்பிடுவது, பிறகு வேலை செய்கிறவரிடம் தனியாகப் பேசுவது. புத்தகத்தில் மூன்று பேர் இருப்பார்கள், கடைக்குள் ஒன்பது பேர் நிற்பார்கள். வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயது 2021இல் 14இலிருந்து 16ஆக உயர்ந்தது. அதற்குக் கீழ்ப்பட்ட பொடியன் பின்கதவால் போய்விட்டானா என்பதையும் பார்க்க வேண்டும்.

பிறகு கணக்கு. 2016இன் தேசிய ஆகக் குறைந்த சம்பளச் சட்டம் 10,000 ரூபாயில் தொடங்கியது. 2025 ஏப்ரலில் அது 27,000 ஆனது, 2026 ஜனவரியிலிருந்து 30,000. அந்த 30,000 ரூபாய்க்கு ஈ.பி.எஃப். எனப்படும் ஊழியர் சேமலாப நிதியாக ஊழியரின் சம்பளத்திலிருந்து 8 வீதம், அதாவது 2,400 ரூபாய் கழியும். முதலாளி தன் பங்குக்கு 12 வீதம், அதாவது 3,600 ரூபாய் போட வேண்டும். ஒரே ஒரு ஆள் வேலை செய்தாலும் போட வேண்டும். நாட்கூலி, தற்காலிகம், துண்டுக் கணக்கு என்று சொல்லித் தப்ப முடியாது. பணம் அடுத்த மாத முடிவுக்குள் போகாவிட்டால் மிகைக்கட்டணம் ஏறும். ஒரு வருடத்தைத் தாண்டினால் அது 50 வீதம். நிதியை மத்திய வங்கி வைத்திருந்தாலும், கட்டாத முதலாளியைத் தேடிப் பிடித்து நீதவான் நீதிமன்றம் வரைக்கும் கொண்டுபோவது தொழில் திணைக்களம்தான். கறுப்புக் கோட்டுப் போடாமலே அரைவாசிச் சட்டத்தரணி வேலை என்று இதைச் சொல்லலாம்.

வாவியில் வலை வீசும் மீனவர் இந்தக் கணக்குக்குள் வரமாட்டார். அவர் தனக்குத்தானே முதலாளி, அவர் விடயம் கடற்றொழில் திணைக்களத்துக்குரியது. ஆனால் அவர் பிடித்த இறாலைக் கொம்பனிக் கொட்டிலில் இருந்து கோது நீக்கும் பெண் வருவார்.

முன்பின் தெரியாத கடைக்குள் போய்ப் புத்தகத்தைக் காட்டு என்றால் முதலாளி விடுவாரா?

விடத்தான் வேண்டும். தொழிற் பரிசோதனை பற்றிய சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 81ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை 1956இல் ஏற்றுக்கொண்டது. முன்னறிவித்தல் இல்லாமல், பகலோ இரவோ, பரிசோதனைக்குரிய வேலைத்தலத்துக்குள் நுழையலாம் என்று அது சொல்கிறது. நமது உள்நாட்டுச் சட்டங்களும் பதிவேடுகளைப் பார்க்கவும் விசாரிக்கவும் அதிகாரம் தருகின்றன.

சட்டம் அப்படி. ஊர் வேறு மாதிரி. சிறிய நகரம், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். நீங்கள் பரிசோதிக்கப் போகும் புடைவைக்கடை உங்கள் அக்காவின் கலியாணத்துக்குக் கடனுக்குத் துணி தந்த கடையாக இருக்கலாம். குளிர்பானம் வரும், கதிரை வரும், "தம்பி யாருடைய மகன்?" என்ற கேள்வியும் வரும். அந்தக் கேள்விக்குச் சிரித்துக்கொண்டே பதில் சொல்லிவிட்டுப் புத்தகத்தைக் கேட்க முடிகிறவருக்குத்தான் இந்த உத்தியோகம் சரிவரும். பரீட்சையில் இதைச் சோதிக்கமாட்டார்கள், அதனால் உங்களை நீங்களே சோதித்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

எங்கள் குடும்பத்துக்கே ஒரு நெல் ஆலை இருக்கிறது. நான் இந்த வேலைக்குப் போகலாமா?

போகலாம். ஆனால் உங்கள் மேற்பார்வைக்குள் வரும் நிறுவனத்தில் உங்களுக்கு நேராகவோ மறைமுகமாகவோ நலன் இருக்கக்கூடாது என்று அதே சமவாயம் சொல்கிறது. அந்த ஆலையைப் பரிசோதிக்கும் பொறுப்பு உங்களிடம் வந்தால் மேலதிகாரியிடம் எழுத்தில் அறிவித்து விலகிக்கொள்ளுங்கள்.

சிங்களம் தெரியாது. அது தடையா?

பரீட்சை எழுதத் தடை இல்லை. அரச சேவைக்கான ஆட்சேர்ப்புப் பரீட்சையைத் தமிழில் எழுதும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது. கடமைக்கு மற்ற மொழி தேவைப்படும் இடத்தில், சேவையில் சேர்ந்தபின் நியாயமான காலத்துக்குள் அதைக் கற்றுக்கொள்ளும்படி கேட்கலாம் என்றும் அதே உறுப்புரை சொல்கிறது. உண்மையில் அதைப் பாரமாக நினைக்கத் தேவையில்லை. தலைமையகம் கொழும்பு நாரஹேன்பிட்டியில். கோப்புகளும் கூட்டங்களும் பயிற்சிகளும் பெரும்பாலும் சிங்களத்தில்தான் நடக்கும். சிங்களம் தெரிந்தவர் பதவி உயர்வில் முந்திக்கொள்வது எழுதாத விதி.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வாக்குமூலம் தமிழில் எழுதப்படாமல், விளங்காத மொழியில் கையெழுத்து வைத்துவிட்டு வந்த தொழிலாளி என்ன சொன்னோம் என்றே தெரியாமல் வீடு போவார். நம் பக்கத்துப் பிள்ளைகள் இந்தப் பதவிக்குப் போக வேண்டும் என்று நான் சொல்வதற்குப் பெரிய காரணம் இதுதான்.

மட்டக்களப்பிலேயே நியமனம் கிடைக்குமா?

உறுதி சொல்ல முடியாது. இது மத்திய அரசின் திணைக்களம், மாகாண சபையின் கீழ் வருவதல்ல. நுவரெலியாவோ கட்டுநாயக்கவோ முதல் நியமனமாக வரலாம், இடமாற்றமும் உண்டு. இளவயதில் ஏற்றுமதி வலயத்தில் ஓரிரு வருடம் வேலை பழகிவிட்டு ஊருக்கு வருவது நட்டமில்லை. ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் ஆலையைப் பார்த்தவருக்கு ஏறாவூர்த் தையற்கூடம் பெரிய விடயமாகத் தெரியாது.

பெண்களுக்கு ஏற்ற வேலையா?

81ஆம் சமவாயமே ஆண், பெண் இருவருக்கும் இடம் வைத்திருக்கிறது. தொழிலுக்கும் பெண் உத்தியோகத்தர்கள் தேவை. பிரசவ லீவு 84 நாட்கள் தரப்பட்டதா, கர்ப்பிணி என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டார்களா என்பதைத் தையற் தொழிற்சாலைப் பெண் ஒரு ஆண் உத்தியோகத்தரிடம் எளிதில் சொல்லமாட்டார்.

சம்பளம் போதுமா?

2025 வரவு செலவுத் திட்டத்தில் அரச சேவையின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாயிலிருந்து 40,000 ஆக்கப்பட்டது, கூட்டிய தொகை மூன்று வருடத்தில் கட்டம் கட்டமாகச் சேரும். பட்டதாரிப் பதவிக்கு அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். சரியான தொகையை வர்த்தமானி அறிவித்தலிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஒரு வேடிக்கை: நாள் முழுக்க மற்றவர்களின் சேமலாப நிதிக்காக ஓடும் இந்த உத்தியோகத்தருக்குச் சேமலாப நிதி கிடையாது. ஓய்வூதியத்துக்குரிய அரச ஊழியர் அந்தச் சட்டத்துக்கு வெளியே.

ஒருவர் பணம் கொடுத்தால் எடுத்துத் தரலாம் என்கிறார். நம்பலாமா?

வேண்டாம். நியமனம் பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளிகளும் நேர்முகப் பரீட்சையும் கடந்து அரசாங்க சேவை ஆணைக்குழுவின் அதிகாரத்தில் நடப்பது. இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954. கொடுப்பவரும் குற்றவாளிதான் என்பதை நினைவில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் "அவசர ஆட்சேர்ப்பு" எல்லாவற்றையும் வெள்ளிக்கிழமை வர்த்தமானியோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அல்லது 1919க்கு அழைத்துக் கேளுங்கள். அங்கே இல்லாதது எங்கேயும் இல்லை. இன்னொரு விடயம்: இறுதிப் பெறுபேறு இன்னும் வரவில்லை, வரும் என்று எழுதி விண்ணப்பிக்கிறவர்களும் உண்டு. விண்ணப்ப முடிவுத் திகதிக்குள் தகைமை முழுமையாக இருக்க வேண்டும், பட்டம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொண்டதாகவும் இருக்க வேண்டும்.

அதுவரை நகரத்தில் ஒரு கடையில் வேலை செய்கிறேன். ஐந்து வருடமாக ஈ.பி.எஃப். கட்டவில்லை. முறைப்பாடு செய்தால் பிற்காலத்தில் அரசாங்க வேலைக்குத் தடையாகுமா?

ஆகாது. சட்டப்படியான உரிமையைக் கேட்பது எந்தப் பதிவிலும் கரும்புள்ளி இல்லை. முறைப்பாடு எங்கிருந்து வந்தது என்பதை உத்தியோகத்தர் வெளியே சொல்லக்கூடாது என்பதும் விதி. ஆனால் மூன்று பேர் வேலை செய்யும் கடையில் யார் சொன்னது என்று ஊகிப்பது கஷ்டமில்லை, அதையும் யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும். சிலர் வேலையை விட்டபின் கேட்கிறார்கள். அதுவும் சரி.

கடையில் 15 பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால், ஐந்து வருடம் நிறைந்ததால், விலகும்போது பணிக்கொடையும் உண்டு: வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். கடைசிச் சம்பளம் 30,000 என்றால் ஐந்து வருடத்துக்கு 75,000 ரூபாய்.

மாவட்டத் தொழில் அலுவலகத்துக்குப் போகும்போது அடையாள அட்டை, நியமனக் கடிதம் இருந்தால் அது, சம்பளத் துண்டுகள் அல்லது வங்கிக் கணக்கு விபரம், கடையின் பெயரும் விலாசமும், சேர்ந்த திகதி ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். நியமனக் கடிதமே தரவில்லை என்றால் அதையும் முறைப்பாட்டில் எழுதுங்கள். கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி அதுவும் தவறு. கூட வேலை செய்த ஒருவர் சாட்சி சொல்ல முன்வந்தால் பாதி வேலை முடிந்தது.