பஞ்சாலை முதல் பனியன் கம்பெனி வரை: கொங்கு நாட்டுக்குப் பிழைக்க வந்தவர்கள்

கொங்கு நாட்டின் தொழில் வளர்ச்சியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் முதல் போட்ட குடும்பங்களின் கதையையே எழுதுகின்றனர். பருத்தி விளைச்சல், 1932இல் மின் உற்பத்தியைத் தொடங்கிய பைக்காரா நீர்மின் நிலையம், அந்த மின்சாரத்தின் பலத்தில் அடுத்தடுத்து எழுந்த பஞ்சாலைகள், பின்னர் பம்ப்செட்டும் கிரைண்டரும் பனியனும் என்று அக்கதை நீள்கிறது. ஆலைச் சங்கு ஊதியபோது உள்ளே நுழைந்தவர்கள் எந்த ஊர்க்காரர்கள், வந்த இடத்தில் அவர்களால் வேரூன்ற முடிந்ததா என்று கேட்டால், இதே வரலாறு வேறு விதமாகத் தெரியும்.

1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் கோவையில் முதல் நூற்பாலையைத் தொடங்கியபோதும், அதன்பின் பீளமேடு, சிங்காநல்லூர் பகுதிகளில் ஆலைகள் பெருகியபோதும், வேலைக்கு வந்தவர்களில் பலர் சுற்றுவட்டார மானாவாரிக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள். ஆலை முதலாளிகளில் பலரும் ஒரு வகையில் வந்து குடியேறியவர்களே. அவர்களின் முன்னோர், விஜயநகர, நாயக்கர் காலங்களையொட்டி ஆந்திரப் பகுதியிலிருந்து வந்து தங்கிய தெலுங்கு பேசும் மக்கள். கிராமத்தை விட்டு வந்த தொழிலாளிக்கு ஆலை எளிதில் இடம் தந்துவிடவில்லை. தொழிற்சங்கப் போராட்டத்தையொட்டி எழுந்த ஒரு கொலை வழக்கில், சின்னியம்பாளையத்தைச் சேர்ந்த நான்கு ஆலைத் தொழிலாளர்கள் 1946 ஜனவரி 8 அன்று தூக்கிலிடப்பட்டனர். இத்தகைய விலைகளைக் கொடுத்துப் பெற்ற பணி நிரந்தரம், போனஸ், வருங்கால வைப்பு நிதி ஆகியவற்றால்தான், பிழைக்க வந்தவர் வீடு கட்டிப் பிள்ளைகளைப் படிக்கவைத்துக் கோவைக்காரர் ஆனார்.

திருப்பூரின் கதை சற்று மாறுபட்டது. பனியன் தொழில் அங்கு 1920களிலேயே தொடங்கிவிட்டாலும், 1970களின் இறுதியில் ஏற்றுமதி தொடங்கிய பிறகே திருப்பூர் தென் மாவட்டங்களை எல்லாம் இழுக்கும் ஊரானது. மதுரை, தேனி, திண்டுக்கல், இராமநாதபுரம் என மழை பொய்த்த ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்தனர். அவர்கள் நுழைந்த தொழிலின் அமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் அவர்கள் எப்படி மேலே வந்தார்கள் என்பது விளங்கும். நூலைப் பின்னித் துணியாக்குதல், சாயமேற்றுதல், வெட்டுதல், தைத்தல், பிசிறு நீக்குதல், அயர்ன் செய்தல் ஆகிய வேலைகள் பெரும்பாலும் ஒரே கூரையின்கீழ் நடப்பதில்லை; அவை ‘ஜாப் ஒர்க்’காகப் பல கைகளுக்குப் பிரிந்து செல்கின்றன. கம்பெனி கொடுக்கும் வேலையைக் காண்ட்ராக்ட் எடுத்து, ஆட்களைச் சேர்த்துத் தைத்துக் கொடுக்கும் அமைப்பு ‘பவர் டேபிள்’ எனப்படுகிறது. தையல்காரரின் பக்கத்தில் நின்று, தைக்க வேண்டிய துண்டுகளை எடுத்தும் மடித்தும் கொடுக்கும் உதவியாளர் ‘கைமடி’. கைமடியாக நுழைந்த சிறுவன் உணவு இடைவேளையில் எந்திரத்தை ஓட்டிப் பழகி டெய்லராகி, பின்னர் சொந்தமாக நாலு மெஷின் போட்டு காண்ட்ராக்டரும் ஆகலாம் என்பதே இந்த ஊரின் ஏணி. வேளாண் கவுண்டர் குடும்பங்களிலிருந்து வந்து தொழிலாளியாகத் தொடங்கியவர்கள் முதலாளிகளான விதத்தைச் சரத் சாரி என்ற ஆய்வாளர் 2004இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். ஆனால் ஏணி எல்லோருக்கும் ஒரே உயரமாக இருக்கவில்லை. பஞ்சப்படி, அதாவது விலைவாசிக்கு ஏற்ப உயரும் படி கேட்டு 1984இல் 127 நாள் வேலைநிறுத்தம் நடந்ததையும் இதனோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

இந்த நூற்றாண்டில் வரவின் திசை மாறியது. தென் மாவட்டங்களில் குடும்பங்கள் சிறுத்து, படிப்பு பெருகி, ஊரிலேயே நூறு நாள் வேலையும் கிடைத்தபின், பனியன் கம்பெனிக்கு ஆள் கிடைப்பது அரிதாகியது. அந்த இடத்தைப் பீகார், ஜார்கண்ட், ஒடிசா, அசாம், மேற்கு வங்கம் ஆகிய மாநிலத்தவர் நிரப்பினர். தன்பாத்–ஆலப்புழை விரைவு ரயில் ஈரோட்டிலும் திருப்பூரிலும் கோவையிலும் இறக்கிவிடும் இளைஞர்களில் ஏஜென்ட் மூலம் வருபவர்களும் உண்டு, முன்பே வந்த அண்ணனோ மச்சானோ கைபேசியில் சொன்னதை நம்பி வருபவர்களும் உண்டு. பனியன் கம்பெனி மட்டுமல்ல, பல்லடம் பக்கத்து விசைத்தறிக் கூடங்களும், உருகிய இரும்பை அச்சில் ஊற்றும் கோவை ஃபவுண்டரிகளும், வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களும் இன்று அவர்களை நம்பியே ஓடுகின்றன. உலைச்சூட்டில் நிற்க உள்ளூர் இளைஞர் வருவதில்லை என்று குறைப்படுவோர், அந்தச் சூட்டுக்கு என்ன கூலி கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வது நல்லது.

பழைய வரவுக்கும் புதிய வரவுக்கும் உள்ள பெரிய வேறுபாடு மொழி என்றே பலரும் எண்ணுகின்றனர். மொழி ஒரு தடைதான். ஆயினும் தெலுங்கும் கன்னடமும் பேசிய மக்களைத் தன்னுள் சேர்த்துக்கொண்ட மண்ணுக்கு அது தீராத தடையன்று. உண்மையான வேறுபாடு தங்குவதில் இருக்கிறது. தேனியிலிருந்து வந்த குடும்பம் லைன் வீட்டில், அதாவது பொதுக் கழிப்பறையோடு வரிசையாகக் கட்டிய வாடகை அறைகளில் தொடங்கினாலும், சில ஆண்டுகளில் ரேஷன் கார்டும் வாக்குரிமையும் பெற்று வார்டு கவுன்சிலரிடம் குடிநீருக்காகச் சண்டை போட முடிந்தது. பீகாரிலிருந்து தனியாக வந்த இளைஞர் ஓர் அறையை ஐந்தாறு பேருடன் பகிர்ந்து, காலை எட்டரை முதல் இரவு எட்டரை வரை ‘ஒன்றரை ஷிப்ட்’ பார்த்து, சனிக்கிழமைச் சம்பளத்தை ஊருக்கு அனுப்பிவிட்டு, ஹோலிக்கோ சட் பூஜைக்கோ ரயிலேறி, திரும்பும்போது வேறு கம்பெனியில் சேர்கிறார். பத்து ஆண்டுகள் இப்படிக் கழித்தவருக்கும் பெரும்பாலும் இந்த ஊரில் வாக்கு இல்லை. வாக்கில்லாதவரின் தெருச் சாக்கடையைப் பற்றிக் கேட்க ஆளும் இல்லை.

இந்தப் பிடிப்பின்மை எவ்வளவு ஆபத்தானது என்பதை 2023 மார்ச் மாதம் காட்டியது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் போலிக் காணொலிகள் பரவிய சில நாட்களில் பலர் அஞ்சி ஊர் திரும்பினர். பீகார் அரசின் குழுவே நேரில் வந்து விசாரிக்க வேண்டியதாயிற்று. அக்காணொலிகள் பொய்யானவை, ஆனால் அச்சம் பொய்யன்று. கோவையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் எழுதிய ‘லாக்கப்’ நூலையும், அதைத் தழுவி வெளிவந்த ‘விசாரணை’ திரைப்படத்தையும் அறிந்தவர்களுக்கு இது புரியும். ஆந்திரத்தின் குண்டூருக்குப் பிழைக்கப் போன தமிழ் இளைஞர்கள், கேட்க நாதியற்றவர்கள் என்பதாலேயே காவல் நிலையத்தில் வதைபட்ட கதை அது.

1979இல் இயற்றப்பட்ட மாநிலங்களுக்கிடையே புலம்பெயரும் தொழிலாளர் சட்டம், ஒப்பந்ததாரர் மூலம் வந்தவரையே கணக்கில் கொண்டது. மச்சான் சொல்லி ரயிலேறியவர் அதன் கண்ணில் படவில்லை. 2020இல் நிறைவேற்றப்பட்ட பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, தானாக வந்து வேலையில் சேர்ந்தவரையும் சேர்த்துக்கொள்கிறது. ஆனால் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் ஈட்டுவோரை விட்டுவிடுகிறது. சட்டம் எப்படி இருந்தாலும், குடும்பத்தோடு தங்க வாடகைக்குக் கட்டுப்படியாகும் வீடும், பிள்ளைக்குப் பக்கத்தில் பள்ளியும் இல்லாதவரை இவர்கள் வந்துபோகும் ஆட்களாகவே இருப்பார்கள். ஜூன் மாதப் பள்ளிச் சேர்க்கையின்போது லைன் வீடுகளுக்கு நேரில் சென்று, வேலைக்குப் போன பெற்றோரின் பிள்ளைகளை அரசுப் பள்ளியில் சேர்த்துத் தமிழ் கற்பிக்கும் பொறுப்பைக் கோவை, திருப்பூர் மாநகராட்சிகளும் அவர்களின் உழைப்பால் ஏற்றுமதி செய்யும் தொழில் அமைப்புகளும் சேர்ந்து ஏற்க வேண்டும்.