மூடுபனியில் மரங்கள்: மட்டக்களப்பு வாவிக்கரையும் நிழற்படக் கலையும்

மட்டக்களப்பினை மீன்பாடும் தேன்நாடு எனப் போற்றுதல் மரபு. அந்நாட்டு வாவியின் புகழ் பெரும்பாலும் செவிவழியே பரவிற்று. ஆயினும் மாரிமழை தணிந்து, முன்பனி கழிந்து பின்பனி தொடங்கும் தை, மாசி மாதங்களில், அவ்வாவி கண்ணுக்கும் அரியதொரு விருந்தளிப்பதுண்டு. மூடுபனி படர்ந்த வைகறையில் நீரும் நிலமும் ஒன்றாகிவிட, கண்டலும் தில்லையும் தென்னையும் பனையும் வெளியில் மிதப்பன போலத் தோன்றும். இக்காட்சியை நிழற்படமாக்க முயல்வோர் பலர். மனநிறைவு பெறுவோர் சிலர். கண்ணுக்கு ஆழமுடையதாய்த் தோன்றிய காட்சி, படத்திலே சாம்பல் பூசிய சுவர்போலத் தட்டையாகிவிடுகின்றது. இதன் காரணத்தை ஆராய்ந்தால், படத்தை அமைக்கும் முறையும் பின்னர்ச் செப்பஞ்செய்யும் முறையும் இனிது விளங்கும்.

மூடுபனி என்பது நிலத்தைத் தொட்டு நிற்கும் முகிலே. தெளிந்த இரவில் நிலம் தன் வெப்பத்தை இழந்து குளிர்கின்றது. அதனையடுத்த ஈரக்காற்றும் குளிர்ந்து, அதிலுள்ள நீராவி நுண்டுளிகளாகத் திரள்கின்றது. பார்வை 1 கிலோமீற்றருக்கு உட்பட்டுச் சுருங்கும்பொழுதே வானிலை நூலார் இதனை மூடுபனி என்பர். இத்துளிகள் ஒளியின் அலைநீளத்தினும் பன்மடங்கு பெரியவை. ஆதலின் எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒப்பச் சிதறச் செய்கின்றன; பனி வெண்மையாய்த் தோன்றுவது இதனாலேயாம்.

பனியினூடே மரத்தை நோக்கும்பொழுது இரண்டு செயல்கள் நிகழ்கின்றன. மரத்திலிருந்து வரும் ஒளியில் ஒரு பகுதி வழியிலே சிதறிப் போகின்றது. இடைப்பட்ட பனியின் வெண்ணொளி அதனோடு வந்து கலக்கின்றது. எனவே, தூரம் கூடக்கூட மரத்தின் கருமை பனியின் வெண்மையை நெருங்குகின்றது. 1924ஆம் ஆண்டில் கொஷ்மீடர் என்னும் ஜெர்மானிய அறிஞர் இதனைக் கணித முறையில் விளக்கினார். பனி எங்கும் ஒருதன்மைத்தாயின், சமதூரம் செல்லுந்தோறும் மரத்திற்கும் பின்புலத்திற்கும் உள்ள வேறுபாடு சமவிகிதத்திற் குறையும். 50 மீற்றரில் அவ்வேறுபாடு பாதியாயின், 100 மீற்றரில் காற்பங்கு. 150 மீற்றரில் அரைக்காற்பங்கு. ஆகவே மூடுபனி மரங்களை மறைக்கும் திரை மட்டுமன்று. அவற்றின் தூரத்தைக் காட்டும் அளவுகோலுமாகும்.

படத்தின் அமைப்பு இவ்வுண்மையிலேயே தங்கியுள்ளது. ஒரே தூரத்தில் நிற்கும் மரங்களை மட்டும் படமாக்கினால் அவை யாவும் ஒரே சாம்பல் நிறமாய் முடியும். அண்மையில் ஒன்று, இடையிற் சில, சேய்மையில் ஒன்று என நிரைபடக் கொள்ளுதல் வேண்டும். கண்டலின் வளைந்த வேர்களும் தில்லையின் பின்னிய கிளைகளும் தூரத்தில் உருவிழந்துவிடுவன. அவற்றை அண்மையில் வைத்தலே தகும். பனையோ ஒற்றைத் தண்டும் வட்டத் தலையும் உடைமையால், நிழலெனத் தேய்ந்த பின்பும் பனையென்றே அறியப்படும். அது சேய்மைக்கு உரியது. ஒரு மரத்தின் உருவம் மற்றொன்றின்மேல் விழாதவாறு நிற்குமிடத்தைத் தேர்தலும் வேண்டும். வெற்றிடம் கண்டு அஞ்சுதல் வேண்டா. ஜப்பானிய ஓவியர் ஹசெகவா தோஹக்கு (1539–1610) வரைந்த பைன் மரத் திரையில் பெரும்பகுதி வெறுந்தாளே. அவ்வெறுமையே அங்குப் பனியாகின்றது.

ஒளியின் திசைக்கு வாவியின் இருகரைப் பெயர்களே வழிகாட்டுவன. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடைய இவ்வாவி கடற்கரையை ஒட்டி நீண்டு கிடப்பது. அதன் கீழ்க்கரை எழுவான்கரை எனவும், மேல்கரை படுவான்கரை எனவும் வழங்கும். பனித்துளிகள் ஒளியைப் பெரும்பாலும் அது செல்லும் திசையிலேயே முன்னோக்கிச் சிதறுவன. எனவே படுவான்கரையில் நின்று கிழக்கு நோக்குவார்க்குப் பனி சுடர்விட, மரங்கள் கருநிழலாய் எழும். எழுவான்கரையில் நின்று மேற்கு நோக்குவார்க்கோ ஒளி மென்மையாகி, உருவங்கள் அடங்கித் தோன்றும். தை மாத நடுவில் ஞாயிறு நேர்கிழக்கிற்கு ஏறத்தாழ 20 பாகை தெற்கே எழுதலையும் முன்னரே கருதுதல் நன்று. வெயில் ஏறினால் பனி கலையும். இடந்தேடிக் கழிக்கப் பொழுதில்லை.

கருவியின் ஒளிமானி எக்காட்சியையும் நடுத்தரச் சாம்பல் நிறமெனவே கொள்வது. அதனை அப்படியே நம்பினால் வெண்பனி அழுக்கேறியதாய் முடியும். ஒன்று முதல் ஒன்றரை ஸ்டொப் வரை ஒளியை மிகுத்துக் கொடுத்தல் பொதுவாக ஏற்றது. வில்லையில் ஈரம் படிதலையும் அடிக்கடி துடைத்துக் காத்தல் வேண்டும்.

இனி, செப்பஞ்செய்தல். பனிப்படத்தின் நிறபேதங்கள் குறுகிய எல்லைக்குள் அடங்குவன. இருட்டறையில் வன்மைமிக்க தாளாலும், கணினியில் நிறவளைகோட்டாலும் அவ்வெல்லையைச் சிறிது விரித்தல் முறையே. அண்மை மரம் கருமையை நெருங்கலாம். பனி வெண்மையை நெருங்கலாம். ஆயின் வெறுந்தாளின் வெண்மையாகிவிடலாகாது. இக்காலக் கணினிகள் பனியை நீக்கவும், இல்லாத பனியைச் சேர்க்கவும் வல்லன. ஆங்கேதான் இடர் உளது. சேய்மை மரம் அண்மை மரத்தினும் கருமையாகுமாயின் தூரத்தின் ஒழுங்கு குலையும். காண்பவர் காரணம் அறியாராயினும், அவர் கண் அப்படத்தை நம்பாது.

மாற்றம் செய்தல் யாவும் குற்றமென்பதன்று. இலங்கையின் புகழ்பெற்ற நிழற்படக் கலைஞர் லயனல் வென்ற் (1900–1944) இருட்டறையில் ஒளியையும் நிழலையும் தலைகீழாக்கிப் பல புதுமைகள் செய்தார். அவை கலைஞனின் ஆக்கம் என்பது பார்த்த அளவிலேயே விளங்கும், எவரையும் மயக்குவனவல்ல. உள்ளதுபோலக் காட்டி இல்லாததைப் புகுத்துதலே விலக்கத்தக்கது.

மட்டக்களப்பினைப் பொறுத்தவரை இவ்வரையறை வெறும் கலைநுணுக்கம் அன்று. 1978ஆம் ஆண்டு நவம்பர் மாதச் சூறாவளி இந்நாட்டுத் தென்னைகளைப் பெருந்தொகையாகச் சாய்த்தது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் மாத ஆழிப்பேரலை கரையின் தோற்றத்தையே மாற்றிற்று. வீழ்ந்த மரம் எங்கே நின்றது, எத்துணைத் தொலைவில் நின்றது என்பதற்குப் பழைய படமே சான்றாகின்ற காலம் உண்டு. இன்று பனியிடையே எடுக்கப்படும் படமும் நாளை அத்தகைய சான்றாகலாம். பனி காட்டிய தூரத்தை மாற்றாது காப்பவரே, அழகையும் உண்மையையும் ஒருங்கே காத்தவராவர்.