பாறையினும் இளைய விண்மீன்கள்

1898 ஆம் ஆண்டில் பெங்களூரைப் பீடித்த பிளேக் நோய்க்குப் பின், தண்டு (கன்டோன்மென்ட்) பகுதியின் நெரிசலைத் தணிக்கும் பொருட்டு வகுக்கப்பட்ட பிரேசர் டவுனில், நூறு வயதைக் கடந்த ஓட்டு வீடொன்று மாஸ்க் ரோட்டருகே இன்னும் நிற்குமாயின் அதனைப் புராதனம் என்று போற்றுகிறோம். மார்கழி இரவில் கீழ்வானில் எழும் திருவாதிரையையும் கார்த்திகையையும் சிரியஸையுமோ காலத்திற்கே அப்பாற்பட்டவை என எண்ணி வணங்குகிறோம். எனினும் அந்த வீட்டின் அஸ்திவாரத்தைத் தாங்கி நிற்கும் பாறை, அந்த விண்மீன்கள் பிறப்பதற்கு யுகங்கள் பல முன்னரே இறுகிவிட்டது என்பதுதான் உண்மை.

பெங்களூரின் அடித்தளமான அப்பாறையை, கெம்பேகவுடர் கோபுரம் நிற்கும் லால்பாக் குன்றில் வெறுங்கண்ணால் காணலாம். தீபகற்ப நைஸ் எனப்படும் அதன் வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள். தேசிய புவியியல் சின்னம் என்ற அறிவிப்புக் கல் அங்கேயே இருந்தும், புகைப்படம் எடுக்க ஏறுவோரில் அதனைப் படிப்பவர் அரியர். இத்தகைய பாறைகளிலுள்ள சிர்கான் என்னும் நுண்ணிய படிகங்களில் சிறைப்பட்ட யுரேனியம், பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டுகள் எடுத்துக்கொண்டு மெல்ல மெல்ல ஈயமாக மாறிவருவதால், இரண்டின் விகிதத்தை அளந்து காலத்தைக் கணிக்கிறார்கள்.

சிரியஸின் வயது சுமார் 24 கோடி ஆண்டுகள். கார்த்திகைக் கூட்டத்தின் வயது 10 கோடியை ஒட்டியது. திருவாதிரைக்கோ ஒரு கோடிகூட நிரம்பியிருக்குமா என்பது ஐயமே. சூரியனைப்போல் ஏறத்தாழ பதினாறு மடங்கு நிறை கொண்ட அந்தச் செந்நிற விண்மீன், தன் எரிபொருளை அதே விகிதத்தில் அல்லாமல் பல்லாயிரம் மடங்கு வேகத்தில் செலவிடுவதனால், பிரகாசத்தோடு அற்பாயுளையும் சேர்த்தே பெற்றிருக்கிறது. நீண்ட ஆயுள் பெற்ற சிறு விண்மீன்களோ மங்கலானவை. ஆகவே தெருவிளக்குகளின் ஒளி மங்கலானவற்றையெல்லாம் மறைத்துவிடும் பிரேசர் டவுன் வானத்தில் எஞ்சி நிற்பவை பெரும்பாலும் குழந்தைகளே! நகரவாசி இழந்தது முதியோரைத்தான் என்று சொல்லத் தோன்றுகிறது.

விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. ரோகிணியும், சித்திரை மாத இரவுகளில் பொன்னிறமாய் மின்னும் சுவாதியும் சூரியனுக்கே மூத்தவை. சுவாதியின் வயது 700 கோடி ஆண்டுகள் வரை கணிக்கப்பட்டிருக்கிறது. லால்பாக் பாறை உருவான நாளில், சூரியனும் அதனுடன் பூமியும் அன்றிலிருந்து இன்றுவரை பால்வீதியைச் சுற்றி முடித்திருக்கும் பன்னிரண்டு பதின்மூன்று சுற்றுகள் இன்னும் தொடங்கியிருக்கவில்லையாதலால், அன்றைய இரவு வானில் நாமறிந்த நட்சத்திர மண்டலம் ஒன்றுகூட இருந்திருக்க நியாயமில்லை. நிலத்திலும் நுண்ணுயிர்களைத் தவிர அதனை நோக்குவார் எவருமில்லை.

அப்பாறைக்குச் சமவயதான ஒன்றைக் காண விரும்புவோர் சந்திரனை நோக்கலாம். 1969 நவம்பரில் அப்பல்லோ 12 இறங்கிய, கருந்திட்டாகத் தோன்றும் சமவெளியிலிருந்து கொணர்ந்த எரிமலைப் பாறைகள் 310 முதல் 330 கோடி ஆண்டுகள் பழமையானவை. 2023 ஆகஸ்ட் 23 அன்று, இதே நகரின் பீனியாவிலுள்ள கட்டுப்பாட்டு மையத்தின் கண்காணிப்பில் சந்திரயான்-3 இறங்கிய தென்பகுதி மண்ணோ, நிலவு முழுவதும் உருகிய குழம்பாயிருந்த காலத்தின் எச்சத்தைக் கொண்டிருப்பதாக அதன் கருவிகள் காட்டின. அது லால்பாக் குன்றுக்கும் நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் மூத்தது.