டாக்டரின் கை பழக ஒரு கம்ப்யூட்டர்

உங்கள் கம்ப்யூட்டரில் எப்போதாவது ஃப்ளைட் சிமுலேட்டர் விளையாடியிருப்பீர்கள். மீனம்பாக்கத்தில் விமானத்தை இறக்கப் பார்த்து, பரங்கிமலையில் மோதி, மறுபடியும் முதலில் இருந்து தொடங்கியிருப்பீர்கள். யாருக்கும் நஷ்டம் இல்லை. நிஜ பைலட்டுகளும் முதலில் இப்படித் தரையில் உட்கார்ந்துதான் பழகுகிறார்கள். அமெரிக்காவின் எட்வின் லிங்க் 1929-லேயே இதற்கென ஒரு பயிற்சி இயந்திரம் செய்துவிட்டார். அவருடைய குடும்பத் தொழில் ஆர்கன் இசைக்கருவி தயாரிப்பது. அந்தக் கருவியின் துருத்திகளைக் கொண்டே விமானத்தின் அசைவுகளை உண்டாக்கினார்.

சரி, அறுவை சிகிச்சை செய்யக் கற்கும் டாக்டர் எங்கே பழகுவார்? நெடுங்காலமாக இதற்கு ஒரே பதில்தான் இருந்தது. சீனியர் செய்வதைப் பார்க்க வேண்டும், பிறகு அவர் பக்கத்தில் நிற்க நோயாளியிடம் செய்ய வேண்டும். அப்படியானால் யாரோ ஒருவர் அந்த டாக்டரின் முதல் நோயாளியாக இருந்தே ஆக வேண்டும். அது நம் வீட்டு ஆளாகவும் இருக்கலாம். மருத்துவத்தில் சிமுலேட்டர்கள் நுழைந்ததற்குக் காரணம் இதுதான்.

யோசனை புதியதல்ல. சுஸ்ருத சம்ஹிதையில் இதற்கென்று ஒரு அத்தியாயமே இருக்கிறது. பூசணி, சுரைக்காய், தர்ப்பூசணி ஆகியவற்றில் வெட்டிப் பழக வேண்டும். தண்ணீர் நிரப்பிய தோல் பையைக் கீறிப் பழக வேண்டும். தாமரைத் தண்டில் ரத்தக் குழாயைத் திறக்கவும், கெட்டியான துணியில் தையல் போடவும், துணி அடைத்துச் செய்த மனித பொம்மையில் கட்டுப் போடவும் கற்க வேண்டும் என்று அது வரிசையாகச் சொல்கிறது. இன்றைய சிமுலேஷன் லேபில் இருப்பதும் ஏறக்குறைய இதே பட்டியல்தான். சுரைக்காய்க்குப் பதில் சிலிக்கோன் வந்திருக்கிறது, அவ்வளவே.

நவீன காலத்து முதல் பொம்மை, நார்வேயில் பொம்மை வியாபாரம் செய்து வந்த ஆஸ்முண்ட் லேர்டால் 1960-ல் வெளியிட்ட ரெசஸ்ஸி ஆன். மூச்சு நின்றவருக்கு முதலுதவி செய்யப் பழகும் பொம்மை இது. இன்றும் முதலுதவி வகுப்புகளில் பயன்படுகிறது. இப்போதைய மாடல்களில் மார்புக்குள் சென்சார் இருக்கிறது. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துகிறீர்களா, 5 செ.மீ. ஆழமாவது போகிறதா, 6 செ.மீ.யைத் தாண்டுகிறதா, அழுத்திய பிறகு மார்பை முழுவதுமாக மேலே எழ விடுகிறீர்களா என்று திரையிலேயே காட்டிவிடும். அமெரிக்காவில் 1967-ல் உருவான சிம் ஒன் என்ற பொம்மைக்குக் கம்ப்யூட்டர் கண் சிமிட்டவும் மூச்சு விடவும் கற்றுக் கொடுத்தது. ஆனால் கம்ப்யூட்டருக்கு உண்மையான வேலை வந்தது லேப்ராஸ்கோப்பிக்குப் பிறகுதான்.

வலது பக்கம் தள்ளினால் இடது பக்கம்

வயிற்றைப் பெரிதாகத் திறக்காமல், சின்னத் துளைகள் வழியாக கேமராவையும் நீளமான கருவிகளையும் நுழைத்துச் செய்வது லேப்ராஸ்கோப்பி. டாக்டர் பார்ப்பது நோயாளியை அல்ல, டிவி திரையை. மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டாக்டர் டெஹெம்டன் உத்வாடியா 1990-ல் இந்த முறையில் பித்தப்பையை அகற்றியதுதான் நம் நாட்டில் முதல் முறை.

இதில் கைக்கு ஒரு பெரிய குழப்பம் உண்டு. கருவி வயிற்றுத் துளையில் ஒரு புள்ளியில் மாட்டிக் கொண்டிருப்பதால் சீ-சா பலகை போல இயங்கும். கையை வலப்புறம் நகர்த்தினால் நுனி இடப்புறம் போகும். மேலே தூக்கினால் நுனி கீழே இறங்கும். மவுஸைத் தலைகீழாகப் பிடித்துக் கொண்டு ஐந்து நிமிடம் வேலை செய்து பாருங்கள், எரிச்சல் புரியும். மவுஸில் தப்பினால் ஒரு ஃபைல் தவறான ஃபோல்டருக்குப் போகும். இங்கே தப்பினால் பித்தநாளம் அறுபடலாம்.

இந்தக் குழப்பத்தைக் கம்ப்யூட்டரிலேயே தீர்த்துக் கொள்ள முடியுமா என்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்தார்கள். முடிவு 2002-ல் வெளியானது. பயிற்சி டாக்டர்கள் 16 பேரில் ஒரு பாதியினர் மெய்நிகர் சிமுலேட்டரில் பழகினார்கள், மறு பாதியினர் வழக்கமான முறையில் பயின்றார்கள். பிறகு நிஜ நோயாளிகளுக்குப் பித்தப்பை ஆபரேஷன் செய்தபோது, சிமுலேட்டரில் பழகியவர்கள் 29 சதவீதம் வேகமாகச் செய்தார்கள். மற்றவர்கள் செய்த தவறுகள் சராசரியாக ஆறு மடங்கு. இத்தனைக்கும் அந்த சிமுலேட்டரில் வயிறோ ரத்தமோ தெரியவில்லை. வெறும் உருண்டைகளும் கட்டங்களும்தான். கிராபிக்ஸ் பிரமாதமாக இருந்தால்தான் பயிற்சி பலிக்கும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அடையாறில் ஒரு தொடு ஆராய்ச்சி

அடையாறை ஒட்டி, சர்தார் படேல் சாலையில் இருக்கும் ஐஐடி வளாகத்தில் அப்ளைடு மெக்கானிக்ஸ் துறையின் கீழ் ஒரு ஹாப்டிக்ஸ் ஆய்வகம் இருக்கிறது. நடத்துபவர் பேராசிரியர் மணிவண்ணன். ஹாப்டிக்ஸ் என்றால் தொடு உணர்வு பற்றிய தொழில்நுட்பம். கம்ப்யூட்டர் நமக்குப் படம் காட்டுகிறது, பாட்டு கேட்க வைக்கிறது. தொட்டால் எப்படி இருக்கும் என்பதை மட்டும் சொல்வதில்லை. டாக்டருக்கோ அதுதான் முக்கியம். கல்லீரல் மெத்தென்று இருக்கிறதா, கட்டி தட்டுகிறதா, ஊசி தோலைத் தாண்டி ரத்தக் குழாய்க்குள் இறங்கிய அந்தக் கணத்தில் எதிர்ப்பு விட்டதா என்பதையெல்லாம் விரல்தான் சொல்ல வேண்டும். இங்கே தொடங்கிய மெர்க்கல் ஹாப்டிக் சிஸ்டம்ஸ் என்ற நிறுவனமும் இதே துறையில் இருக்கிறது. நம் தோலில் அழுத்தத்தை உணரும் செல்களுக்கு மெர்க்கல் செல்கள் என்று பெயர்.

தொடு உணர்வைக் கம்ப்யூட்டரில் கொண்டுவருவது ஏன் கடினம்? ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

உங்கள் கையில் மோட்டார் பொருத்திய ஒரு பேனா இருப்பதாக வைத்துக் கொள்வோம். திரையில் ஒரு சுவர். பேனா சுவருக்குள் நுழைந்தால், எவ்வளவு தூரம் நுழைந்ததோ அதற்கேற்ற விசையில் மோட்டார் உங்கள் கையைப் பின்னே தள்ள வேண்டும். பள்ளியில் படித்த ஸ்பிரிங் விதிதான். ஒரு மி.மீ. நுழைந்தால் ஒரு நியூட்டன் விசை என்று வைப்போம். கை விநாடிக்கு 10 செ.மீ. வேகத்தில் நகர்கிறது.

படத்துக்குப் போதுமானது விநாடிக்கு 60 முறை. அதே வேகத்தில் விசையையும் கணக்கிட்டால் என்ன ஆகும்? இரண்டு கணக்குகளுக்கு இடையில் பேனா சுமார் 1.7 மி.மீ. உள்ளே போய்விடும். அதற்குப் பிறகுதான் மோட்டார் விழித்துக்கொண்டு 1.7 நியூட்டன் விசையில், அதாவது 170 கிராம் எடை திடீரென்று மோதியது போல, கையைத் தள்ளும். பேனா வெளியே வரும், மறுபடி நுழையும், மறுபடி உதைபடும். சுவர் சுவராக இருக்காது, அதிர்கிற மிக்ஸி மூடி போல இருக்கும். விநாடிக்கு 1000 முறை கணக்கிட்டால் ஒவ்வொரு தடவையும் 0.1 மி.மீ. தான் நகரும், 10 கிராம் அளவுக்கே விசை மாறும். கை அதைச் சீரான தடையாக உணரும். அதனால்தான் ஹாப்டிக்ஸ் புரோகிராம்கள் படத்துக்கு ஒரு தனி ஓட்டம், தொடு உணர்வுக்கு விநாடிக்கு 1000 முறை சுற்றும் தனி ஓட்டம் என்று இரண்டாகப் பிரித்து எழுதப்படுகின்றன.

இது அசையாத சுவருக்கு. கல்லீரலோ அழுத்தினால் குழியும், இழுத்தால் நீளும், வெட்டினால் இரண்டாகும். ஆயிரக்கணக்கான புள்ளிகளை ஸ்பிரிங்குகளால் இணைத்த வலை போல அதை வைத்துக் கொண்டு, எல்லாப் புள்ளிகளையும் ஒரு மில்லி விநாடிக்குள் கணக்கிட வேண்டும். கத்தி பட்டதும் வலையே மாறும், கணக்கை முதலில் இருந்து அமைக்க வேண்டும். இன்றைய கிராபிக்ஸ் கார்டுகள்கூட இதில் திணறத்தான் செய்கின்றன.

வீட்டு உபயோகத்துக்கும் இந்தத் தொழில்நுட்பம் வந்தது. மைக்ரோசாஃப்ட் 1997-ல் அதிரும், எதிர்க்கும் ஜாய்ஸ்டிக் ஒன்றை விற்றது. 2007-ல் நோவின்ட் ஃபால்கன் என்ற கருவி 200 டாலருக்கும் குறைவான விலையில் வந்தது. மூன்று திசைகளிலும் கையைத் தள்ளக்கூடியது. விளையாட்டுக்காக வந்ததை மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் ஆவலோடு வாங்கினார்கள். விளையாடுபவர்கள் அவ்வளவாக வாங்கவில்லை, கருவியும் நிலைக்கவில்லை.

இப்போதைய மோகம் கண்ணில் மாட்டும் விஆர் ஹெட்செட். சென்னையைச் சேர்ந்த மெடிசிம் விஆர் போன்ற நிறுவனங்கள் டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் இந்த முறையில் பயிற்சி தரும் சாஃப்ட்வேர் செய்கின்றன. எந்த வரிசையில் என்ன செய்வது, எதை மறந்தால் என்ன ஆகும் என்பதைப் பழக இது நல்ல கருவி. ஒரே நாளில் நூறு பேர் பழகலாம், நூறு பேரின் மதிப்பெண்ணும் கம்ப்யூட்டரில் இருக்கும். ஆனால் கையில் இருப்பது பிளாஸ்டிக் கன்ட்ரோலர்தான். அது லேசாக அதிரும், தோலின் தடையைத் தராது. ஊசி போடும் வரிசையை ஹெட்செட்டிலும், ஊசி இறங்கும் உணர்வை ரப்பர் கையிலும் பழகுவதே இப்போதைக்குச் சரியாகப் படுகிறது.

எம்பிபிஎஸ் பாடத்திட்டம் 2019-ல் மாறியபோது, மாணவர்கள் நோயாளியைத் தொடும் முன் ஸ்கில் லேபில் பழக வேண்டும் என்பது முக்கியத்துவம் பெற்றது. 150 மாணவர்கள் வரை சேர்க்கும் கல்லூரிக்குக் குறைந்தது 600 சதுர மீட்டரில் ஸ்கில் லேப் வேண்டும் என்று 2020-ல் விதியும் வந்தது. நல்ல விதி. ஆனால் சதுர மீட்டரை அளப்பது சுலபம். அந்த அறைச் சாவி யாரிடம் இருக்கிறது, சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு மாணவி போனால் கிடைக்குமா என்பதை யார் அளப்பது? லட்சக்கணக்கில் வாங்கிய பொம்மைக்குச் சேதம் வந்துவிடுமோ என்று பயந்து உறை போட்டு மூடி வைத்தால், அது சிமுலேட்டர் அல்ல, ஷோகேஸ்.

ரிச்சி தெருவில் பாதி சாமான்

உங்கள் வீட்டில் சர்ஜரி படிக்கும் பிள்ளை இருந்தால் ஒரு சிமுலேட்டரை நீங்களே செய்து கொடுக்கலாம். மேலே சொன்ன சீ-சா குழப்பத்தைத் தீர்க்க இதுவே போதும். இதற்கு பாக்ஸ் டிரெய்னர் என்று பெயர்.

ஒரு கெட்டியான அட்டைப்பெட்டி அல்லது மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா வேண்டும். மூடியில் ஒரு சாண் இடைவெளியில் இரண்டு துளை போட்டு, கிழியாமல் இருக்க ரப்பர் வாஷர் மாட்டுங்கள். உள்ளே மேல்புறம் ஒரு வெப்கேம், பக்கத்தில் யுஎஸ்பி எல்இடி விளக்கு. இரண்டும் ரிச்சி தெருவில் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறுக்குள் முடிந்துவிடும். நீளமான பிடிகருவிகளை மட்டும் சர்ஜிக்கல் கடையில் வாங்க வேண்டும். கழித்துக் கட்டிய கருவிகளை மருத்துவமனையிலிருந்து கேட்டு வாங்கினால், ஸ்டெரிலைஸ் செய்த பிறகே வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்.

வெப்கேமில்தான் பலர் கோட்டை விடுவார்கள். ஆட்டோ ஃபோகஸ் இருந்தால் நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் கருவி உள்ளே வரும்போதெல்லாம் படம் மங்கித் தெளியும். வெளிச்சம் குறைந்தால் வெப்கேம் விநாடிக்கு 30 படத்திலிருந்து 15-க்கு இறங்கிவிடும், எனவே விளக்கு நன்றாக இருக்கட்டும். படத்தைப் பார்க்க விஎல்சி பிளேயர் வேண்டாம். அது வெப்கேம் படத்தை 300 மில்லி விநாடி தேக்கி வைத்துத்தான் காட்டும். கை நகர்ந்த பிறகு நுனி நகர்ந்தால் பழக்கமே கெடும். அந்த கேஷிங் அளவைக் குறையுங்கள், அல்லது விண்டோஸில் உள்ள கேமரா புரோகிராமையே பயன்படுத்துங்கள்.

பயிற்சிக்கு அமெரிக்க அறுவை மருத்துவர்களின் எஃப்எல்எஸ் தேர்வில் உள்ள முதல் பாடத்தை எடுத்துக் கொள்ளலாம். ஒரு பலகையில் ஆணிகள், ஆறு சிறிய வளையங்கள். பழக்கமில்லாத கையின் கருவியால் வளையத்தைத் தூக்கி, அந்தரத்திலேயே மறு கைக்கு மாற்றி, எதிர்ப்பக்க ஆணியில் போட வேண்டும். ஆறும் முடிந்ததும் அதே போலத் திருப்பிக் கொண்டு வர வேண்டும். தேர்வில் 300 விநாடி வரை நேரம் உண்டு. தேர்ச்சிக்கான பயிற்சித் திட்டம் ஒன்று வைத்திருக்கும் இலக்கு 48 விநாடி, வளையம் எதுவும் எல்லைக்கு வெளியே விழக்கூடாது. அதையும் தொடர்ந்து இரண்டு முறை எட்ட வேண்டும். முதல் நாள் நான்கு நிமிடம் ஆனாலும் கவலை வேண்டாம். தேதி, நேரம், விழுந்த வளையங்கள் என்று எக்ஸெலில் மூன்று கட்டம் போட்டு, தினமும் பத்து முறை செய்து குறித்து வரச் சொல்லுங்கள்.