மலை மரத்து விஷம்

கிருஷ்ணன்கோவிலில் பஸ்ஸை விட்டு இறங்கி மேற்கே திரும்பினால் மேற்குத் தொடர்ச்சி மலை. அந்த மலைத்தொடரில் வளரும் ஒரு சிறு மரத்தை மகாராஷ்டிரத்தில் நரக்யா என்கிறார்கள், அவ்வளவு நாற்றம். என்.விஸ்வநாதனும், சென்னை மாநிலக் கல்லூரியில் முன்பு வேதியியல் கற்பித்த டி.ஆர்.கோவிந்தாச்சாரியும் அதில் கேம்ப்டோதெசின் இருப்பதை 1972இல் அறிவித்தார்கள். 1966இல் அமெரிக்காவில் மன்ரோ வாலும் மன்சுக் வாணியும் ஒரு சீன மரத்திலிருந்து பிரித்தெடுத்த அதே நஞ்சு. பிறகு புற்றுநோய் மருந்துக்காக நம் மரத்தை வெட்டித் தள்ளியதில் அது அருகிப்போனது. நினைத்தால் மனம் பொறுக்கவில்லை.

இராஜபாளையம் நூற்பாலைக்காரர்களுக்கு இந்த நஞ்சின் வேலை எளிதில் புரியும். செல் பெருக, டிஎன்ஏவின் இரட்டைப் புரி பிரிய வேண்டும். பிரிக்கப் பிரிக்க முன்னால் முறுக்கு ஏறும். டோபோஐசோமரேஸ்-1 என்ற நொதி ஒரு புரியை அறுத்து, முறுக்கைத் தளர்த்தி, மறுபடி ஒட்டும். கேம்ப்டோதெசின் அதை ஒட்டவிடாது, செல் சாகும். ஆனால் குடலும் எலும்பு மஜ்ஜையும்கூட ஓயாமல் செல் பெருக்குகிறவைதானே! புற்றுநோயாளிகளிடம் நடந்த முதல் சோதனைகள் கடும் பக்கவிளைவுகளால் 1970களிலேயே நின்றன.

நஞ்சு கையில் இருந்தது. கொண்டுசேர்க்க ஆள் இல்லை. அந்த ஆள்தான் ஆன்டிபாடி. டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டிகான் என்ற மருந்தில், சில புற்றுநோய் செல்களின் மேலுள்ள ஹெர்-2 புரதத்தைத் தேடி ஒட்டும் ஆன்டிபாடி ஒவ்வொன்றிலும் சுமார் எட்டு நச்சு மூலக்கூறுகள் கட்டப்பட்டிருக்கும். ஆய்வகத்தில் உருவானவை, ஆனால் கேம்ப்டோதெசின் வம்சம். செல் அதை உள்ளிழுத்த பின் அங்குள்ள நொதிகள் முடிச்சை அவிழ்க்கும். ஹெர்-2 மரபணு மாற்றமுள்ள, முன்பே சிகிச்சை பெற்ற நுரையீரல் புற்றுநோயாளிகளுக்கு 2022 ஆகஸ்டில் அமெரிக்கா இந்த மருந்தை அனுமதித்தது. சிறுசெல் அல்லாத நுரையீரல் புற்றுநோயில் இந்த மாற்றம் உள்ளவர்கள் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பேர்தான். மரபணுப் பரிசோதனை செய்யாமல் அவர்களைக் கண்டுபிடிக்கவே முடியாது.

ஒரு கவலை உண்டு. சிலருக்கு இந்த மருந்தே நுரையீரலில் அழற்சியை உண்டாக்கும், உயிரையும் பறிக்கலாம். வறட்டு இருமல், மூச்சுத்திணறல் என்று அறிகுறிகள் பழைய நோயைப் போலவே இருக்கும். மருந்து ஏறும் காலத்தில் இவை புதிதாக வந்தாலோ கூடினாலோ அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். மருந்தை நிறுத்தி, ஸ்டீராய்டு தொடங்க அவருக்கு நேரம் கிடைக்கும்.