கழிவுக் குன்றுகளின் நிலைபேறு

நிலக்கரியை அடையுமுன் அதன்மேல் கிடக்கும் மண்ணையும் பாறையையும் அகற்றியாக வேண்டும். நெய்வேலியில் ஒரு டன் பழுப்பு நிலக்கரிக்காக ஐந்து கன மீட்டருக்கு மேற்பட்ட மண் தோண்டப்படுகிறது. இம்மண் குன்றுகளாகக் குவிகிறது. இயற்கைக் குன்று நெடுங்காலம் இறுகி நிலைபெற்றது. கழிவுக் குன்றோ சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ கொட்டப்பட்டது. 2016 டிசம்பர் 29 அன்று ஜார்க்கண்டின் ராஜ்மகல் திறந்தவெளிச் சுரங்கத்தில் இத்தகைய கழிவுமண் சரிந்து 23 தொழிலாளர்கள் மாண்டனர்.

குவியல் எவ்வளவு சரிவாக நிற்கும் என்பதை வகுப்பறையிலேயே காட்டலாம். ஒரு படி உலர்ந்த மணலைத் தட்டில் மெல்லக் கொட்டினால், குவியல் எவ்வளவு உயர்ந்தாலும் அதன் சாய்வு ஏறக்குறைய 34 பாகையைத் தாண்டுவதில்லை. மணலைச் சற்றே நனைத்தால் அது செங்குத்தாகவும் நிற்கும். சிறுவர் கட்டும் மணல்வீடே இதற்குச் சான்று. மேலும் நீர் வார்த்தால் மணல் குழம்பாகி ஓடிவிடும். துகள்களின் இடைவெளிகளை நிரப்பிய நீர், அவை ஒன்றையொன்று அழுத்தும் விசையைத் தாங்கிக்கொள்வதால் உராய்வு குன்றுகிறது. தூறலுக்குப் பின் திடமாகத் தோன்றும் குன்றை நம்பலாகாது என்பதும் இதனால் விளங்கும்.

நமது 2017ஆம் ஆண்டு நிலக்கரிச் சுரங்க விதிகள், குவியலின் சாய்வு 37.5 பாகையை மீறலாகாது என்றும், 30 மீட்டருக்கு மேல் உயரும் குவியலைப் படிப்படியாக அமைக்க வேண்டும் என்றும் கூறுகின்றன. இவை இன்றியமையாதவையே. ஆயினும் சாய்வை மட்டும் அளந்து திருப்தியடைவோர், குவியல் எதன்மேல் நிற்கிறது என்பதை மறந்துவிடுகின்றனர். வேல்ஸ் நாட்டின் ஆபர்வான் கிராமத்தில் 1958இல் தொடங்கிய ஏழாம் எண் குவியல் ஓர் ஊற்றின்மேல் அமைந்திருந்தது. அங்குள்ள நீரோட்டங்கள் நிலப்படங்களிலேயே குறிக்கப்பட்டிருந்தன. பள்ளிக்குப் பின்னால் நிலக்கரிச் சேறு கொட்டப்படுவதால் நேரக்கூடிய அபாயத்தைப் பற்றி 1963லேயே உள்ளூர்ப் பொறியாளர் கடிதம் எழுதினார். 1966 அக்டோபர் 21 காலை, குவியலின் உச்சி ஏறத்தாழப் பத்தடி அமிழ்ந்திருப்பதைத் தொழிலாளர் கண்டனர். செய்தி சொல்ல ஒருவர் கீழே அனுப்பப்பட்டார். ஒன்பதேகால் மணியளவில் குவியல் சேறாய்ப் பாய்ந்து பள்ளியை மூடியது. மாண்டோர் 144 பேர். அவர்களுள் 116 பேர் குழந்தைகள்.

உச்சி அமிழ்தல், விளிம்பில் வெடிப்பு, அடிவாரம் புடைத்தல், புதிதாக நீர் கசிதல் ஆகிய அறிகுறிகளைக் காணக் கருவி வேண்டுவதில்லை. வெடிப்பின் இருபுறமும் ஒவ்வொரு முளை அடித்து, இடைத்தூரத்தை நாள்தோறும் ஒரே வேளையில் அளந்தால் போதும். பெரிய சுரங்கங்களில் ரேடார் கருவி மில்லிமீட்டர் அளவான நகர்வையும் இரவு பகலாகக் கண்டறிகிறது. துளைக்கிணற்று மானிகள் உள்ளிருக்கும் நீரழுத்தத்தைக் காட்டுகின்றன.

அளந்த எண்ணைப் பதிவேட்டில் எழுதிவைப்பதோடு வேலை முடிவதில்லை. மொத்த நகர்வைவிட வேகமே முக்கியம். ஜப்பானிய ஆய்வாளர் புகுசோனோ 1985இல் வெளியிட்ட முறை எளியது. ஓர் எடுத்துக்காட்டு: வெடிப்பு முதல் நாள் 2 மி.மீ., மறுநாள் 3, மூன்றாம் நாள் 6 மி.மீ. விரிகிறது என்போம். இவற்றின் தலைகீழ் எண்கள் 1/2, 1/3, 1/6. நாளுக்கு 1/6 வீதம் குறைவதால் நான்காம் நாள் சுழியாகும். அதுவே சரிவு எதிர்பார்க்கத்தக்க நாள். களத்தில் புள்ளிகள் இவ்வளவு ஒழுங்காக அமைவதில்லை. ஆதலால் கோடு கீழ்நோக்கித் திரும்பியதுமே ஆட்களையும் இயந்திரங்களையும் அடிவாரத்திலிருந்து விலக்குவதே முறை; சுழி வரும்வரை காத்திருப்பது மடமை.

நெய்வேலியில் நிலக்கரிப் படுகையின் கீழ் அழுத்தமிக்க ஊற்றுநீர் உண்டு. அதை இடைவிடாது இறைத்தே சுரங்கம் நடைபெறுகிறது. அங்குக் கழிவுமண் தோண்டி முடித்த பள்ளத்திலேயே மீண்டும் கொட்டப்படுகிறது. ஆகவே அங்கு மேலிருந்து வரும் மழைநீர், கீழிருந்து எழும் ஊற்றுநீர் ஆகிய இரண்டையும் கவனிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அளவெடுப்பை மிகுதியாக்குவது மட்டும் போதாது. உள்ளிறங்கிய நீர் அடித்தளத்தை அடையக் காலம் பிடிக்குமாகையால், வானம் வெளுத்த பின்னரும் சில வாரங்கள் முளைகளை நாள்தோறும் அளந்துவர வேண்டும்.