மீனவர் செயலியும் ‘புரூ’ தளமும்

எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் கொசஸ்தலை ஆறு கடலில் சேர்கிறது. ஃபைபர் படகில் முகத்துவாரம் தாண்டுகிறவருக்குக் காற்றின் வேகமும் அலையின் உயரமும் கரையிலேயே தெரிந்தாக வேண்டும். ஹைதராபாத்தின் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் இவற்றைக் கணித்துத் தருகிறது. ஆனால் ஸ்மார்ட்போன் பரவாத காலத்தில் அந்தக் கணிப்பு மீனவர் கைக்கு எப்படிப் போய்ச் சேரும்?

2000களின் பிற்பாதியில், தரமணியிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அதற்காக ‘ஃபிஷர் ஃப்ரெண்ட்’ செயலியைக் கொண்டுவந்தது. குவால்காமும் டாடா டெலிசர்வீசஸும் அதில் கைகோத்தன. செயலி அமைந்தது, குவால்காம் 2001இல் அறிமுகப்படுத்திய ‘புரூ’ தளத்தின் மேல்.

புரூ ஒரு தனியுடைமைத் தளம். விதிகளை வகுத்தது அதன் உரிமையாளர். செயலியை சி, சி++ மொழிகளில் எழுதி, கட்டணம் கட்டிச் சோதனையில் தேறி, தொலைபேசி நிறுவனத்தின் பட்டியலில் இடம்பிடித்தால்தான் வாடிக்கையாளரை அடைய முடிந்தது. வருவாயிலும் பங்கு கொடுக்க வேண்டியிருந்தது. கெடுபிடி அதிகம்தான். ஆனால் மாடலுக்கு மாடல் புதிதாக எழுதும் பாடு குறைந்தது. பணம் வசூலிப்பதைத் தொலைபேசி பில் பார்த்துக்கொண்டது. விலை குறைந்த பட்டன் போனிலும் செயலி ஓடியது. அன்றைய நிலையில் அது சரியான தேர்வு.

அந்தத் தேர்வுக்குக் கொடுத்த விலை பிறகு தெரிந்தது. புரூ பெரும்பாலும் சிடிஎம்ஏ வகை வலையமைப்பின் போன்களை நம்பியிருந்தது. ஆண்ட்ராய்டு வந்து சந்தையை மாற்றியது. 2019இல் டாடாவின் கைபேசிச் சேவை ஏர்டெல்லுடன் இணைந்தது.

ஃபிஷர் ஃப்ரெண்ட் மட்டும் பிழைத்தது. அலை, காற்று, மீன்வளப் பகுதி விவரங்கள் இன்காய்ஸிடமிருந்து வந்தன. மீனவருக்கு எது தேவை என்ற அனுபவம் ஆராய்ச்சி நிறுவனத்திடம் இருந்தது. இரண்டுமே புரூவுக்குள் அடைபட்டவை அல்ல. செயலியை ஆண்ட்ராய்டுக்குப் புதிதாக எழுதினார்கள். ஜிபிஎஸ் உதவியால் சர்வதேசக் கடல் எல்லை நெருங்கும்போது எச்சரிக்கும் வசதியும் சேர்ந்தது.

ஒரு தளத்தை நம்பினால் என்ன கிடைக்கும், அதைவிட்டு வெளியேற என்ன செலவாகும் என்ற இதே கணக்கை இன்று போட வேண்டியவர்கள் வடசென்னையின் சிறு தொழில்காரர்கள். திருவொற்றியூரில் கன்டெய்னர் லாரிகளை இயக்கும் ஒரு நிறுவனம், ஜோஹோவின் ‘கிரியேட்டர்’ போன்ற தளத்தில், முழுநேர நிரலாளர் இல்லாமலே டிரிப் ஷீட்டும் டீசல் கணக்கும் அமைத்துக்கொள்ளலாம். 2006இல் வந்த அந்தத் தளத்திலிருந்து தரவை விரிதாளாக எடுத்துவிட முடியும். ஆனால் அதன் சொந்த மொழியான ‘டெலூஜ்’இல் எழுதிய விதிகள் வேறு தளத்தில் ஓடாது, அவற்றைத் திரும்ப எழுதியாக வேண்டும். சந்தாவோடு அந்தச் செலவையும் முதலாளி முதல் நாளிலேயே எழுதிவைப்பது நல்லது.